அருணகிரி சாரின் கோடு

"ஐயா, கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

"எந்தக் கோடு சார்?"

"உங்க காலுக்குக் கீழ இருக்கே, அந்தக் கோடு."

அந்த மனிதர் குனிந்து பார்த்தார். செருப்பைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் புல்லில் நன்றாகத் தேய்த்தார். பிறகு நிமிர்ந்து, "இப்ப இல்ல சார்," என்றார் சந்தோஷமாக.

கணக்கு வாத்தியார் அருணகிரிக்கு அழுகை வரும்போல இருந்தது. விடிந்ததும் வந்து, நூல் கட்டி, முதுகு ஒடியத் தன் கையாலேயே போட்ட கோடு அது. நூறு மீட்டர் நீளம். மாலை மூன்றரை மணிக்கு அதில் அறுபது மீட்டர் ஆம்பூர்க்காரர்களின் செருப்புக்கு அடியில் போய்விட்டது. மீதியிருந்த நாற்பது மீட்டரின் மேல் மக்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கோடு போட்டிருந்தால் அதன்மேல் நிற்கத்தான் என்று அவர்கள் நினைத்ததில் தப்பும் சொல்ல முடியாது.

அன்று பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டம். ஆம்பூர் பள்ளியும் குடியாத்தம் பள்ளியும் மோதுகின்றன. மைதானத்துக்கு ஒரு பக்கம் பள்ளிச் சுவர், இரண்டு முனைகளிலும் முள்வேலி. திறந்து கிடந்தது ஒரே ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கத்தைக் காப்பதுதான் அருணகிரியின் வேலை. கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டையாக இருக்கும் என்பது மட்டுமே.

போன வருஷம் நடந்த கூத்தை ஊரே இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. அரையிறுதி. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம். பந்தோடு பறந்துகொண்டிருந்த பெண்ணின் அம்மா, "காலைலருந்து ஒண்ணுமே துன்னல இவ," என்று ஒரு வாழைப்பழத்தோடு மைதானத்துக்குள் போய்விட்டார். உரித்துக் கொடுக்கப் பின்னாலேயே இரண்டு சித்திகள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, வெற்றியை எதிரணிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இந்த வருஷம் விதி இன்னும் கடுமை. வெளியாள் ஒருவர் கோட்டைத் தாண்டினாலும் கோப்பை எதிரணிக்கு. ஆட்டம் முடிந்ததும் நடுவர் கையெழுத்திட வேண்டிய படிவத்திலேயே அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது: 'வெளியாட்கள் நுழைவு: உண்டு / இல்லை'.

தலைமையாசிரியை மீனாம்பாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் இப்படி ஆச்சுன்னா டீமைக் கலைச்சிடப் போறேன் சார். கோகோ போதும் நமக்கு."

அதைக் கேட்டுவிட்டு அணித் தலைவி புஷ்ரா ஆசிரியர் அறைக்கே வந்து நின்றாள். கணக்கில் பதினொரு மார்க் வாங்குகிற பெண். அருணகிரியை நிமிர்ந்து பார்க்கவே பயப்படுகிறவள். அன்று நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"தோத்தா பரவால்ல சார். ஆடித் தோக்கணும் சார்."

அந்த ஒரு வார்த்தையில் அருணகிரி உருகிப்போனார். 'நான் பார்த்துக்கறேன் போம்மா' என்று சொல்லியும் விட்டார்.

முதல் காரியமாக, கூட்டமே வராமல் செய்ய ஒரு யோசனை கண்டுபிடித்தார். "ஞாயித்துக்கிழமை வெச்சாத்தானே ஊரே வருது? வெள்ளிக்கிழமை வைப்போம் மேடம். எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க."

மீனாம்பாள் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான். அருணகிரி சோளிங்கரிலிருந்து வந்தது இந்த ஜூனில். மற்ற ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்று தெரிந்தவர்கள், ஆதலால் திறக்கவில்லை. இந்த ஊரில் பெரும்பாலான தோல் ஷெட்டுகளுக்கு வார விடுமுறையே வெள்ளிக்கிழமைதான் என்பது அருணகிரிக்கு ஆட்டத்தன்று பிற்பகல் இரண்டரை மணிக்குத்தான் தெரிந்தது. ஜும்மா தொழுகை முடித்து, வீட்டில் சாப்பிட்டு, வெள்ளை ஜிப்பாவோடு ஊர் மொத்தமும் மைதானத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் நடுவரை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. கறுப்புச் சட்டையும் கழுத்தில் விசிலுமாகக் கூட்டத்தில் சிக்கி நின்றவரை அருணகிரிதான் கையைப் பிடித்து, "வழி விடுங்க, வழி விடுங்க," என்று கத்திக்கொண்டே நடுவட்டத்தில் நிறுத்தினார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார். மணி நாலாச்சு. கூட்டம் இன்னும் ஜாஸ்தியாறதுக்குள்ள ஊதுங்க!"

அவர் ஊதினார். ஆட்டம் ஆரம்பித்தது. கொடி பிடித்த இரண்டு பி.டி. டீச்சர்களும் சுவர்ப் பக்கமாகவே ஓடினார்கள், இந்தப் பக்கம் கால் வைக்க இடம் இல்லாததால்.

கோடு போன பிறகு அருணகிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்குக் கூரை போட வாங்கிவைத்திருந்த தாம்புக் கயிறு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் இழுத்துக்கொண்டு போகும்போதே ஆளாளுக்கு ஒரு காரணத்தோடு உள்ளே போகப் பார்த்தார்கள்.

"நான் கோல் கீப்பர் தமிழினியோட மாமா சார். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்."

"செல்போன்ல சொல்லுங்க."

"அவ ஆடிட்டு இருக்காளே சார்."

"அதான் நானும் சொல்றேன்."

இன்னொருவர் தான் டாக்டர் என்றார். விசாரித்ததில் மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வேறொருவர், பந்துக்குக் காற்றடித்த பம்பு தன்னுடையது என்று உரிமை கொண்டாடினார். அப்புறம் தோளில் ஒரு பையோடு, மூச்சு வாங்க, வெள்ளை ஜிப்பாக்காரர் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"சார், சார், பள்ளிகொண்டாகிட்ட பஸ்ஸு நின்னுபோச்சு. லேட்டாயிடுச்சு. நான் உள்ள போகணும்."

"லேட்டா வந்தா பின்னாடிதான் நிக்கணும் ஐயா."

"இல்ல சார், எனக்கு உள்ள வேல இருக்குது."

"இங்க யாருக்குத்தான் இல்ல? அதோ அவருக்கு பம்பு இருக்கு உள்ள!"

"ஒரே நிமிஷம், நான் இன்னா சொல்றேன்னா..."

"ஐயா," அருணகிரி கை கூப்பிவிட்டார். "பெரியவரு நீங்களே இப்படிப் பண்ணலாமா? ஒரு ஆளு கோட்டைத் தாண்டினாலும் இந்தப் பொண்ணுங்களுக்குக் கோப்பை போச்சு. டீமையே கலைச்சிடுவாங்க. ஒரு வருஷமா வெயில்ல ஓடியிருக்காங்க ஐயா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்தக் கயிறைப் புடிங்க."

ஜிப்பாக்காரர் அருணகிரியின் முகத்தைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். புஷ்ரா இரண்டு பேரை ஏமாற்றிவிட்டுப் பந்தோடு போய்க்கொண்டிருந்தாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, பையைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"கயிறு கோட்டுல இருந்து ரெண்டு மீட்டராச்சும் தள்ளி இருக்கணும் சார்," என்றார்.

"ஆட்டம் பார்க்க வந்தவரு ஆட்டத்தைப் பாருங்க ஐயா!"

கயிறு பத்து நிமிஷம் தாக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு, பந்து முன்னால் போனால் கூட்டம் முன்னால் சாய்ந்தது. கூட்டம் சாய்ந்தால் கையில் பிடித்திருந்த கயிறும் கூடவே போனது. கயிற்றுக்குப் பின்னால் நிற்கிறோம் என்ற திருப்தியில் எல்லோரும் அடி அடியாக முன்னேறினார்கள். அருணகிரி ஓடிவந்து, "பின்னாடி, பின்னாடி!" என்று கத்தினால், "கயிறத் தாண்டல சார் நாங்க!" என்று கோரஸாகப் பதில் வந்தது. பந்து ஒருமுறை ஒரு மனிதரின் காலடிக்கே வந்துவிட்டது. அவர் கால் தானாக உதைக்க எழுந்தது. அருணகிரி பாய்ந்து அந்தக் காலைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தார்.

"விடுங்க சார், கூச்சமா இருக்குது!"

"மாட்டேன். பந்து போகட்டும், விடறேன்."

உட்கார வைத்தால் அடங்குவார்கள் என்று அடுத்த யோசனை. பத்தாம் வகுப்பு பெஞ்சுகளைத் தூக்கிவரச் செய்து வரிசையாகப் போட்டார். மூன்று நிமிஷம் அருணகிரியின் வாழ்க்கையில் வசந்தம். அதற்குப் பிறகு ஆம்பூர் மரியாதை ஆரம்பமானது. உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கும், நிற்கிற அண்ணனையும் அண்ணியையும் விட்டுத் தனியாக உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை.

"அரே, பாபி நிக்கிறாங்க! வாங்க பாபி, உக்காருங்க."

"நீங்க உக்காருங்க. நான் நிக்கிறேன்."

"சேச்சே, அது எப்படி! நவுருப்பா கொஞ்சம்."

நாலு பேர் பெஞ்சில் ஒன்பது பேர். ஒன்பதாவது ஆளின் பாதி உடம்பு கோட்டை நோக்கித் தொங்கியது. பின்னால் நின்றவர்களுக்கு மறைத்ததால் அவர்கள் பெஞ்சின் மேல் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள், பெஞ்சை ஆளோடு சேர்த்துக் கோட்டின் விளிம்புவரை முன்னால் தள்ளினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஆட்டம் ஒரு குறையும் இல்லாமல் நடந்ததுதான் அதிசயம். அதற்கு அந்தக் கறுப்புச் சட்டை நடுவரைத்தான் பாராட்ட வேண்டும் என்று அருணகிரிக்குத் தோன்றியது. என்ன ஒரு தெளிவு! ஃப்ரீ கிக் என்றால், தடுப்பாக நிற்கிற பெண்களுக்குக் கையைக் காட்டி, "வா... வா... வா... ரைட்ல ஒடி... போதும், ஹோல்டு!" என்று சொல்லி அங்குலம் பிசகாமல் நிறுத்தினார். பெண்களும் சட்டென்று புரிந்துகொண்டார்கள். கயிறு பிடித்த ஜிப்பாக்காரர் மட்டும் அவ்வப்போது, "ஐயோ, அது ஆஃப்சைடு," "அல்லா, அதுக்கு எதுக்கு விசிலு?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நல்லவரைக் குறை சொல்ல நாலு பேர் எங்கேயும் இருப்பார்கள் என்று அருணகிரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இடைவேளைக்கு மூன்று நிமிஷம் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று சமம். அப்போதுதான் அருணகிரியின் மூக்கில் பிரியாணி வாசனை ஏறியது. புஷ்ராவின் அம்மா அஜீஸுன்னிசா, ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளுக்கும் கூட வந்தவர்களுக்கும் கொடுக்கச் சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நாலு பெரிய டேக்ஸாப் பாத்திரம் நிறைய ஆக்கி, மைதானத்துக்கு எதிர்ப்பக்கம் பள்ளிச் சுவரோரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்தார்.

அருணகிரியின் மூளை கடகடவென்று கணக்குப் போட்டது. கூட்டத்தை விரட்டினால் போகாது. ஆசை காட்டினால் போகும். மேடையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! தண்ணீர்த் தொட்டி பக்கத்துல எல்லாருக்கும் பிரியாணி! உடனே போகவும்!"

கணக்கு வாத்தியார் ஒரே ஒரு கணக்கை மறந்துவிட்டார். இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறைந்த தூரம் நேர்கோடு. அந்த நேர்கோடு மைதானத்தின் நட்ட நடுவே போனது.

ஐந்நூறு வலது கால்கள் ஒன்றாக மேலே எழுந்தன. அருணகிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கோகோ ஆடும் புஷ்ரா அவர் கண்ணுக்குள் வந்து போனாள்.

"நில்லுங்க!"

அது ஜிப்பாக்காரரின் குரல். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி நின்றார். அப்படி ஒரு குரல், அப்படி ஒரு கை. தூக்கிய கால்களைத் தூக்கியபடியே ஊர் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக அதனதன் இடத்திலேயே இறங்கின. ஒரு காலும் கோட்டைத் தாண்டவில்லை.

இடைவேளை விசில் ஊதியதும், கரண்டியும் கையுமாக அஜீஸுன்னிசா வந்து சேர்ந்தார்.

"மாஸ்டர்! யாரைக் கேட்டு என் பிரியாணிய ஏலம் வுட்டீங்க?"

"மன்னிச்சிடுங்கம்மா. வேற வழி தெரியல. கோட்டுல நிறுத்த முடியல இவங்களை." அருணகிரியின் சட்டையெல்லாம் மண். மூக்குக் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. "உங்க பொண்ணு ஆடித் தோக்கணும்னு சொன்னாம்மா. அதுக்குக்கூட விடாமப் பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு."

அஜீஸுன்னிசா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இறங்கியது. கூட்டத்தையும் பார்த்தார்.

"இவ்ளோதானா? இதுக்கா பேஜார் படறீங்க? இந்த ஊர் ஜனங்கள நிக்கவெச்சி ஒண்ணும் பண்ண முடியாது மாஸ்டர். உக்காரவெச்சி சோறு போடணும்." திரும்பித் தன் தம்பியைக் கூப்பிட்டார். "டேய் நயீமு, கல்யாண மஹாலுக்குப் போயி தஸ்தர்கான் சுருளு எத்தினி இருக்குதோ அத்தினியும் எட்த்துனு வா!"

தஸ்தர்கான் என்றால் சாப்பாட்டு விரிப்பு. பந்தியில் அதை நீளமாக விரித்து, அதன்மேல் தட்டை வைத்து, எதிரே சப்பணம் போட்டு உட்காருவார்கள். பத்தே நிமிஷத்தில் கோட்டுக்கு இரண்டு மீட்டர் தள்ளி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிவப்பும் வெள்ளையுமாக விரிப்பு ஓடியது. இரண்டு மீட்டர் என்று அடம் பிடித்து அளந்தவர் ஜிப்பாக்காரர். தண்ணீர் குடிக்க வெளியே வந்த கறுப்புச் சட்டை நடுவர் அவரோடு என்னவோ பேசிவிட்டுப் போனார். முன்வரிசை மட்டும் மைதானத்தைப் பார்த்தபடி தஸ்தர்கானுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது. தட்டு வந்தது, கத்திரிக்காய்த் தொக்கு வந்தது, ஆவி பறக்கப் பிரியாணி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அருணகிரி தன் கண்ணாலேயே பார்த்தும் நம்பவில்லை. ஒருவரும் அசையவில்லை. சோறு வைத்த விரிப்பைத் தாண்டிக் கால் வைப்பதா? அந்த ஊரில் கைக்குழந்தைகூட அதைச் செய்யாது. முன்வரிசை சாப்பிட்டது. பின்வரிசை, சாப்பிடுகிறவர்களைத் தள்ளக் கூடாது என்று மரியாதையாக நின்றது. முன்வரிசை எழுந்தால் அடுத்த வரிசை உட்கார்ந்தது. சுண்ணாம்பும் கயிறும் பெஞ்சும் செய்யாததை நாலு டேக்ஸா பிரியாணி செய்துவிட்டது.

பந்து ஒருமுறை பறந்து வந்து தயிர்ப் பச்சடி வாளிக்குள் விழுந்தது. அஜீஸுன்னிசா அதைக் கரண்டியால் தூக்கி, முந்தானையில் துடைத்து, குடியாத்தம் பெண்ணிடம் கொடுத்து, "ஆடிட்டு வந்து நீயும் துன்னு கண்ணு," என்றார். அந்தப் பெண் த்ரோ எறியும்போது பந்து வழுக்கிக்கொண்டு எங்கோ போனது. அவளே வாய்விட்டுச் சிரித்தாள்.

கடைசி நிமிஷம். தமிழினி உதைத்த பந்து நடுமைதானத்தில் புஷ்ராவிடம் வந்தது. ஒருத்தியைத் தாண்டினாள். இரண்டு பேரைத் தாண்டினாள். சுவர்ப் பக்கம் போவதுபோல் போய், சட்டென்று திரும்பி அடித்தாள். வலை ஆடியது.

ஊர் மொத்தமும் எழுந்தது. ஒரு கையில் தட்டு, மறுகையில் சோறு, முன்னால் தஸ்தர்கான். ஓட முடியாமல் நின்ற இடத்திலேயே குதித்தார்கள். சோற்றுப் பருக்கைகள் வானத்துக்குப் பறந்தன. அருணகிரி ஜிப்பாக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜிப்பாக்காரரும் பள்ளிப் பிள்ளைபோலத் துள்ளினார். "எவ்ளோ ஜோரா இருக்குது சார், இப்படி நின்னு பாக்கறதுக்கு!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டுக்கு ஒன்று. நீண்ட விசில் ஊதியது.

தலைமையாசிரியை மீனாம்பாள் மேடையை விட்டு ஓடிவந்து புஷ்ராவைத் தூக்க முயன்று, முடியாமல், இருவருமாகக் கீழே உட்கார்ந்தார்கள். புஷ்ரா அங்கிருந்தே அருணகிரியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துக் கால்களைக் கட்டிப் பிடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. படிவத்தை எடுத்துக்கொண்டு நடுவரைத் தேடினார். கறுப்புச் சட்டைக்காரர் அதற்குள் தஸ்தர்கானில் உட்கார்ந்து, முழங்கைவரை பிரியாணியில் இருந்தார்.

"சார், ஒரு கையெழுத்து. அப்படியே 'வெளியாட்கள் நுழைவு: இல்லை'ன்னு போட்டுடுங்க."

வாய் நிறையச் சோறு. அவர் பக்கத்தில் நின்ற ஜிப்பாக்காரரை முழங்கையால் காட்டினார்.

ஜிப்பாக்காரர் படிவத்தை வாங்கினார். பையைத் திறந்து பேனா எடுத்தார். படிவத்தை நிதானமாகப் படித்து, 'இல்லை' என்பதை வட்டமிட்டு, அடியில் 'மக்பூல் அகமது' என்று அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

அருணகிரி பதறிப்போனார். "ஐயா, ஐயா, இன்னா பண்ணிட்டீங்க! அது ரெஃபரி போட வேண்டிய கையெழுத்து!"

"போட்டது ரெஃபரிதான் சார்," என்றார் மக்பூல் அகமது, படிவத்தை மடித்து அருணகிரியின் சட்டைப்பையில் வைத்தபடி. "நீங்க கையப் புடிச்சி இட்டுனு போயி நடுவுல வுட்டீங்களே, இவரு ஷூ கம்பெனி கேட்டுல லாரி ரிவர்ஸு எடுக்க விசில் ஊதற செக்யூரிட்டி, இன்னிக்கு உங்க கோட்டைத் தாண்டி உள்ள போன ஒரே வெளியாளு!"